போலி இலக்கு

மென்பொருள் எழுதும் வேலையில் இருப்பவர்களுக்கு ‘மேக் க்ளீன்’ என்ற கட்டளை தெரிந்திருக்கும். கணினி படிக்கும் மாணவிகளும் ஆய்வகத்தில் ஒருமுறையாவது அதைத் தட்டியிருப்பார்கள். ஒரு நிரலைக் கம்பைல் செய்யும்போது நடுவில் உருவாகித் தங்கிவிடும் கோப்புகளை அழித்து இடத்தைச் சுத்தமாக்கும் கட்டளை அது. அதற்கான விதியை எழுதும்போது கூடவே இன்னொரு வரியையும் எழுதச் சொல்லித்தருவார்கள். ‘க்ளீன்’ என்பது ஒரு ‘ஃபோனி’ இலக்கு என்று அறிவிக்கும் வரி. ஃபோனி என்றால் போலி.

முதல் தடவை அந்த வரியைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஏன் போலி? ‘மேக்’ என்பது பொருட்களை உருவாக்கித்தரும் நிரல். அதற்கு இலக்கு என்றால் ஒரு கோப்பு. வேலை முடிந்ததும் அந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்க வேண்டும். சுத்தம் செய்த பிறகு ‘க்ளீன்’ என்ற பெயரில் எந்தக் கோப்பும் உருவாவதில்லை. இருந்தவை இல்லாமல் போகின்றன, அவ்வளவுதான். ஆகவே அது மெய்யான இலக்கு அல்ல. இப்படி அறிவிக்காமல் விட்டுவிட்டு, தற்செயலாக ‘க்ளீன்’ என்ற பெயரில் ஒரு கோப்பு அங்கே கிடந்தால், ‘இலக்கு ஏற்கெனவே இருக்கிறது, செய்ய வேண்டியது எதுவுமில்லை’ என்று மேக் சும்மா இருந்துவிடும்.

தொழில்நுட்பரீதியாக இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேலை செய்து முடித்த பிறகும் கையில் காட்ட ஒரு பொருள் இல்லாவிட்டால் அது வேலைக் கணக்கில் வராது என்ற தர்க்கத்தைப் பெண்கள் வேறு இடங்களில் நிறையக் கேட்டிருக்கிறோம். இந்தச் சின்னச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கணினி வரலாற்றில் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது.

பத்துப்பாத்திரம்

முதலில், சுத்தம் செய்ய அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மனிதர் படிக்கக்கூடிய மொழியில் எழுதப்படுவது மூல நிரல். கணினி அதை அப்படியே இயக்காது. ஒவ்வொரு மூலக் கோப்பையும் கம்பைலர் இயந்திர மொழிக்கு மாற்றித் தனித்தனி ‘ஆப்ஜெக்ட்’ கோப்புகளாக வைக்கும். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் இவற்றின் பெயர் ஒரு புள்ளியும் ‘ஓ’ என்ற எழுத்துமாக முடியும். பிறகு லிங்கர் என்ற நிரல் இவற்றையெல்லாம் கோத்து ஓடக்கூடிய ஒரே நிரலாக்கும். பயனருக்குப் போவது அந்த ஒன்று மட்டும்தான். ஆப்ஜெக்ட் கோப்புகள் அங்கேயே கிடக்கும். சமையல் முடிந்து இலையில் சோறு விழுந்த பிறகு அடுப்படியில் கிடக்கும் பத்துப்பாத்திரம் போல.

கிடந்தால் என்ன? இடத்தை அடைக்கும் என்பது சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினை, பழையது புதியதோடு கலப்பது. அந்தப் பிரச்சினையிலிருந்துதான் மேக் பிறந்தது.

1976இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருந்த பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் வேலைபார்த்துக்கொண்டிருந்தார். ‘யாக்’ என்ற புகழ்பெற்ற கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன் ஒருநாள் கோபத்தோடு அவர் அறைக்குள் வந்தார். சரியாக இருந்த நிரலில் பிழை தேடி ஒரு முழுக் காலைப்பொழுதை அவர் வீணாக்கியிருந்தார். பிழையை முன்பே திருத்திவிட்டார். திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்ய மறந்துவிட்டார். பழைய ஆப்ஜெக்ட் கோப்பே மறுபடி மறுபடி கோக்கப்பட்டு, இல்லாத பிழையைக் காட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் மாலை ஃபெல்ட்மனுக்கும் இதே கதி நேர்ந்திருந்தது. அந்த வாரக் கடைசியில் உருவானதுதான் மேக் என்று ஃபெல்ட்மன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

எந்தக் கோப்பு எதிலிருந்து வந்தது என்பதை ஒரு தாளில் எழுதிவைப்பது போல ‘மேக்ஃபைல்’ என்ற கோப்பில் எழுதிவைக்க வேண்டும். மேக் இரண்டின் நேரங்களையும் ஒப்பிடும். மூலம் புதிது, அதிலிருந்து வந்தது பழையது என்றால் மறுபடி செய்யும். இல்லாவிட்டால் தொடாது. இந்தக் கருவிக்காக 2003இல் அமெரிக்கக் கணினியியலாளர் சங்கமான ஏசிஎம் ஃபெல்ட்மனுக்கு விருது வழங்கியது.

ஃபெல்ட்மன் தம் கட்டுரையின் தலைப்பிலேயே மேக்கைக் கணினி நிரல்களைப் பராமரிப்பதற்கான நிரல் என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். தேவையற்ற இடைநிலைக் கோப்புகளை எறிவதற்கென்று தனியாக ஒரு பெயர் வைத்து விதி எழுதிக்கொள்ளலாம் என்பதும் அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. அதாவது சுத்தம் செய்வது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட வேலை அல்ல, தொடக்கத்திலிருந்தே உள்ளே இருந்தது. ஆனால் கருவியின் பெயர் ‘உருவாக்கு’ என்று நிலைத்தது. ‘பராமரி’ என்று ஆகவில்லை.

கைகள்

கோப்பு என்ற ஒன்று வருவதற்கு முன்னால் இந்த வேலையை யார் செய்தார்கள்? ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல் அப்போது இயந்திரத்தைக் குறிக்கவில்லை. கணக்குப் போடும் ஆளைக் குறித்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பள்ளியில், அமெரிக்க ராணுவத்துக்காகப் பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணக்கிட்டவர்களில் பெரும்பாலோர் கணிதம் படித்த இளம்பெண்கள். ஒரே ஒரு பாதையைக் கைக்கணக்குப்பொறியில் போட்டு முடிக்க 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அகலமான தாள்களில் கட்டம் கட்டமாக இடைநிலை விடைகளை எழுதிக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்தில் பிசகினால் அடுத்தவையெல்லாம் பிசகும். பழைய ஆப்ஜெக்ட் கோப்பு செய்யும் அதே கேடுதான். அதைப் பிடித்தது அந்தப் பெண்களின் கண்கள்.

1945இல் எனியாக் என்ற மின்னணுக் கணினிக்கு நிரல் எழுத அவர்களிலிருந்து ஆறு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்: கே மெக்நல்ட்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பைலஸ், ரூத் லிக்டர்மன். பாதுகாப்பு அனுமதி இல்லை என்று தொடக்கத்தில் இயந்திரத்தின் அருகில்கூட அவர்களை விடவில்லை. வரைபடங்களைப் பார்த்தே ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட அந்த இயந்திரத்தை அவர்கள் கற்றுக்கொண்டார்கள். நிரல் எழுதுவது என்றால் கம்பிகளைப் பிடுங்கிச் செருகுவதும் சுவிட்சுகளைத் திருப்புவதும். ஒரு கணக்கு முடிந்து அடுத்ததைத் தொடங்க வேண்டுமென்றால் முந்தையதன் கம்பிகளைக் கழற்றி இயந்திரத்தைத் துடைத்துவைக்க வேண்டும். ‘க்ளீன்’ அன்று கையால் செய்யும் வேலை.

1946 பிப்ரவரியில் எனியாக் உலகத்துக்குக் காட்டப்பட்டது. குண்டு பறக்கும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் அதன் பாதையைக் கணக்கிட்டுக் காட்டிய அந்தச் செய்முறைக்கான நிரலைத் தயாரித்தவர்கள் ஜென்னிங்ஸும் ஸ்னைடரும். அன்றைய விழா விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பு இல்லை.

இதற்குப் பின்னால் வந்தவர் கிரேஸ் ஹாப்பர். 1950களின் தொடக்கத்தில் யூனிவாக் கணினியில் வேலைசெய்த ஹாப்பரின் குழு, அடிக்கடி தேவைப்படும் சிறு நிரல்களைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்திருந்தது. வேண்டியபோது பார்த்து நகலெடுத்து, நினைவக எண்களை அந்தந்த இடத்துக்கு ஏற்பக் கூட்டி எழுதிக்கொள்வார்கள். நகலெடுப்பதில் பிழை வரும். கூட்டுவதில் பிழை வரும். இந்த இரண்டு வேலைகளையும் நன்றாகச் செய்யக்கூடிய இயந்திரம் பக்கத்திலேயே நிற்கிறதே, அதையே செய்யச் சொன்னால் என்ன என்று ஹாப்பர் யோசித்தார். சிறு நிரல்களை நாடாவில் ஏற்றி, எவை வேண்டும் என்று சொன்னால் இயந்திரமே எடுத்துக் கோத்துக்கொள்ளும் ‘ஏ-0’ என்ற முறையை உருவாக்கினார். கம்பைலர் என்ற சொல்லை அதற்கு வைத்தவர் ஹாப்பர். தொகுப்பவர் என்று பொருள். இன்றைய கணக்கில் பார்த்தால் அது கம்பைலரைவிட லிங்கரின் வேலையோடு நெருக்கமானது. 1952இல் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். கணினிகளால் கணக்குத்தான் போட முடியும், நிரல் எழுத முடியாது என்று சொல்லிப் பலர் அதைத் தொடவில்லை என்று பின்னாட்களில் நினைவுகூர்ந்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கம்பைலர் ஒரு பெரிய கோட்பாட்டிலிருந்து பிறக்கவில்லை. பார்த்து எழுதுவது, சரிபார்ப்பது, எடுத்துவைப்பது என்று எழுத்தர் வேலையாக மதிக்கப்பட்டதன் உள்ளே இருந்துதான் பிறந்தது. அந்த வேலையைத் தன் கையால் செய்து சலித்த ஒருவருக்குத்தான் அதன் சிக்கலும் தெரிந்தது, தீர்வும் தெரிந்தது.

குப்பை என்ற சொல்

சுத்தம் செய்வதன் வரலாற்றில் இன்னொரு கிளை நினைவகத்தைப் பற்றியது. நிரல் ஓடும்போது எடுத்துப் பயன்படுத்திவிட்டுக் கைவிட்ட நினைவக இடங்களை அதுவாகவே கண்டுபிடித்து மீட்கும் முறையை ‘கார்பேஜ் கலெக்‌ஷன்’ என்கிறார்கள். குப்பை பொறுக்குதல். எம்ஐடியில் லிஸ்ப் மொழியை உருவாக்கிய ஜான் மெக்கார்த்தி 1960இல் வெளியான கட்டுரையில் இந்த முறையை விளக்கினார். ஆனால் அந்தச் சொல் கட்டுரையில் இல்லை. ஆய்வகத்தில் எல்லோரும் அப்படித்தான் அழைத்துக்கொண்டிருந்தார்கள் என்றும், கட்டுரையில் எழுதத் தமக்குத் துணிவு வராமல் போயிருக்கும், அல்லது ஆய்வகத்தின் இலக்கணம் பார்க்கும் பெண்மணிகள் விட்டிருக்க மாட்டார்கள் என்றும் பல ஆண்டுகள் கழித்து ஓர் அடிக்குறிப்பில் மெக்கார்த்தி சொல்கிறார்.

யார் அந்தப் பெண்மணிகள்? அடிக்குறிப்பில் பெயர் இல்லை. கணினியியலின் மிக முக்கியமான கட்டுரைகளில் ஒன்றை வரிவரியாகப் படித்துச் சுத்தம் செய்தவர்கள் என்ற அளவில்தான் அவர்களை நமக்குத் தெரிகிறது. குப்பை பொறுக்கும் இயந்திர முறைக்கு வரலாற்றில் பெயரும் ஆண்டும் ஆசிரியரும் உண்டு. அந்தக் கட்டுரையின் சொற்குப்பையைப் பொறுக்கியவர்கள் ஒரு நகைச்சுவைக் குறிப்பாக மட்டும் எஞ்சியிருக்கிறார்கள்.

சுத்தம் செய்வது தானாகவே இழிவான வேலையாகக் கருதப்படுவதில்லை என்பதும் இதிலிருந்து தெரிகிறது. இயந்திரம் செய்தால், அதற்கு ஒரு கணித விளக்கம் இருந்தால், அது ஆராய்ச்சி. ஃபிரான்சஸ் ஆலனின் வாழ்க்கை இதற்கு வேறொரு விதத்தில் சாட்சி. பள்ளியில் கணித ஆசிரியராக வேண்டும் என்று நினைத்திருந்த ஆலன், கல்விக் கடனை அடைப்பதற்காக 1957இல் ஐபிஎம்மில் சேர்ந்தார். புதிதாக வந்த ஃபோர்ட்ரான் மொழியை அங்குள்ள விஞ்ஞானிகளுக்குக் கற்றுக்கொடுப்பது அவருடைய முதல் வேலை. கற்றுக்கொடுப்பதற்காகக் கம்பைலரின் உட்பகுதியைப் படிக்கத் தொடங்கி அங்கேயே தங்கிவிட்டார். ஒரு நிரலுக்குள் எந்த மதிப்பு எங்கிருந்து எங்கே போகிறது, எந்த வரி யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது, எந்தக் கணக்கு வீணாகத் திரும்பத் திரும்பச் செய்யப்படுகிறது என்று கம்பைலரே கண்டுபிடித்துச் சீராக்கும் முறைகளுக்கு ஆலனின் பணி அடித்தளமாயிற்று. ட்யூரிங் விருது 1966இல் தொடங்கியது. அதைப் பெற்ற முதல் பெண் ஆலன். 2006ஆம் ஆண்டுக்கான விருது. இடையில் 40 ஆண்டுகள்.

திரும்பத் திரும்ப

சிமோன் தி பொவ்வார் 1949இல் வெளியான ‘இரண்டாம் பாலினம்’ நூலில் வீட்டு வேலையைச் சிசிஃபஸின் தண்டனையோடு ஒப்பிட்டார். சுத்தமானது அழுக்காகும், அழுக்கானது சுத்தமாகும், நாள்தோறும். 1969இல் நியூயார்க்கைச் சேர்ந்த கலைஞர் மியர்ல் லாடர்மன் யூக்கலிஸ், குழந்தை பெற்ற பிறகு தன் நாள் முழுவதும் பராமரிப்பிலேயே போவதைக் கண்டு, பராமரிப்பையே கலை என்று அறிவித்து ஓர் அறிக்கை எழுதினார். புதிதாக ஒன்றைச் செய்வதை உலகம் கொண்டாடுகிறது. செய்ததைத் தூசி தட்டி வைத்திருப்பவரை மறந்துவிடுகிறது என்பது அவர் வாதம். பின்னர் அந்நகரத் துப்புரவுத் துறையில் ஊதியமில்லாக் கலைஞராக இணைந்து, 8,500 துப்புரவுத் தொழிலாளர்களை நேரில் சந்தித்து ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கி நன்றி சொன்னார்.

இந்த இரண்டு பேரும் மென்பொருளைப் பற்றி எழுதவில்லை. ஆனால் மென்பொருள் வேலையில் இருக்கும் பெண்களுக்கு அவர்கள் சொன்னது புரியும். நான் வேலைபார்த்த ஓர் இடத்தில் இரவுதோறும் முழு மென்பொருளையும் புதிதாகக் கட்டும் கணினி ஒன்று இருந்தது. அதன் வட்டு அடிக்கடி நிறைந்துபோகும். கட்டுவது பாதியில் நிற்கும். யாரோ ஒருவர் காலையில் சீக்கிரம் வந்து பழைய கோப்புகளை அழிக்க வேண்டும். குழுவில் இருந்த இரண்டு பெண்களும் மாற்றி மாற்றிச் செய்தோம். யாரும் எங்களை நியமிக்கவில்லை. செய்யாவிட்டால் எல்லோருக்கும் வேலை நின்றுவிடும் என்று தெரிந்ததால் செய்தோம். ஆண்டு இறுதி மதிப்பீட்டுப் படிவத்தில் ‘இந்த ஆண்டு நீங்கள் உருவாக்கியவை’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் எதுவும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தக் காலை வேளைகளில் கற்றுக்கொண்டதை மாணவிகளுக்காகச் சொல்லிவைக்கிறேன். சுத்தம் செய்வது கண்ணை மூடிக்கொண்டு அழிப்பது அல்ல. மறுபடி உருவாக்க முடிந்ததை மட்டும் அழிக்கலாம். முடியாததைத் தொடக் கூடாது. இந்த வேறுபாடு தெரிவதற்கு எது எதிலிருந்து வந்தது என்ற முழு வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். குனூ திட்டத்தின் மேக் மரபில் சுத்தத்துக்கே நான்கு படிகள் இருக்கின்றன. ஒன்று, மறுபடி செய்ய நெடுநேரம் ஆகக்கூடியவற்றை மட்டும் விட்டுவைக்கும். அடுத்தது, கட்டும்போது உருவானவற்றையெல்லாம் எடுக்கும். மூன்றாவது, மென்பொருள் பொட்டலமாக வந்தபோது இருந்த நிலைக்கே கொண்டுபோகும். நான்காவது பராமரிப்பவருக்கு மட்டுமானது; மறுபடி செய்யச் சிறப்புக் கருவிகள் தேவைப்படும் கோப்புகளையும் அது அழித்துவிடும் என்ற எச்சரிக்கையோடுதான் அது ஓடும்.

அழிக்கும் கட்டளையில் நட்சத்திரக் குறிக்கும் புள்ளிக்கும் நடுவில் தவறி ஓர் இடைவெளி விழுந்தால், ஆப்ஜெக்ட் கோப்புகளோடு மூல நிரலும் சேர்ந்து போய்விடும். ஆகவே, என்ன செய்யப்போகிறாய் என்று மேக்கிடம் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு செய்யச் சொல்லலாம்; அதற்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது. மூலம் ஓரிடத்திலும் அதிலிருந்து உருவாகிறவை தனி அடைவிலும் இருந்தால் இன்னும் நல்லது. கம்பைலரை மாற்றினாலோ, கம்பைல் செய்யும் தெரிவுகளை மாற்றினாலோ நேரத்தை மட்டும் பார்க்கும் மேக் அதைக் கவனிக்காது. அப்போது எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து கட்டுவதுதான் சரி. இவ்வளவும் தெரிந்து செய்யும் வேலையைத்தான் ‘போலி’ வரிசையில் எழுதுகிறோம்.

பெயர் சொன்னால் போதும்

கடைசியாக மேக்கின் இன்னொரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு கோப்பிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று சங்கிலியாக உருவாகும்போது, நடுவில் வந்த கோப்பை ‘இடைநிலை’ என்று குனூ மேக் கருதும். இறுதிப் பொருள் கிடைத்ததும், நாம் கேட்காமலேயே, நடுவில் இருந்ததை அழித்துவிடும். இதிலிருந்து தப்ப வழி உண்டு. மேக்ஃபைலில் அந்தக் கோப்பைப் பெயர் சொல்லி இலக்காகவோ தேவையாகவோ எங்காவது குறிப்பிட்டிருந்தால் போதும். மேக் அதை இடைநிலை என்று கருதாது. ‘ப்ரெஷஸ்’ என்றொரு பட்டியலும் இருக்கிறது. அருமையானவை என்று பொருள். அதில் எழுதப்பட்டவை அழிக்கப்படுவதில்லை.

எனியாக்கின் ஆறு பெண்களுக்கும் நடந்தது இதுதான். இயந்திரம் கிடைத்தது, அதன் புகழ் கிடைத்தது. நடுவில் இருந்தவர்கள் அழிக்கப்பட்டார்கள். 1980களில் மாணவியாக இருந்த கேத்தி கிளைமன் பழைய புகைப்படங்களில் எனியாக்கின் முன்னால் நிற்கும் பெண்களைப் பார்த்து, இவர்கள் யார் என்று கேட்டார். குளிர்பதனப் பெட்டி விளம்பரங்களில் நிற்பார்களே, அதுபோல அழகுக்காக நிறுத்தப்பட்ட மாடல்கள் என்று பதில் வந்தது. அவர் அதை ஏற்றுக்கொள்ளாமல் தேடிப்போனார். உயிரோடு இருந்தவர்களைக் கண்டுபிடித்துப் பேசவைத்துப் பதிவுசெய்தார். 1997இல் அந்த ஆறு பேரும் தொழில்நுட்பத்தில் பெண்களுக்கான சர்வதேசப் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார்கள். எனியாக் காட்டப்பட்டு 51 ஆண்டுகள் கழித்து.

அவர்களை மீட்க முடிந்தது, அவர்களில் சிலர் இன்னும் இருந்ததால். மெக்கார்த்தியின் கட்டுரையைத் திருத்திய பெண்மணிகளுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. மூலம் போய்விட்டால் எந்தக் கட்டளையாலும் மறுபடி உருவாக்க முடியாது.

ஆகவே எழுதிவையுங்கள். ஆய்வகத்தில் ஒரு செயல்திட்டத்தை முடிக்கும்போது யார் நிரல் எழுதினார் என்பதோடு யார் சோதித்தார், யார் பழையவற்றை ஒழித்துக்கட்டினார், யார் விளக்கக் குறிப்பைத் திருத்தினார் என்றும் பெயர் போட்டு எழுதுங்கள். மதிப்பீட்டுப் படிவத்தில் அந்தக் கட்டம் வந்தால் நாங்கள் செய்ததுபோல வெறுமையாக விடாதீர்கள். ‘இரவுக் கட்டுமானம் ஆண்டு முழுவதும் நிற்காமல் ஓடியது, அதை ஓடவைத்தவள் நான்’ என்று எழுதுங்கள். மேக்குக்குக் கூட அது போதும்: பெயர் எழுதியிருந்தால் அழிக்காது.